சீனி போடாத கிளாஸ்

எங்கள் தெருமுனை டீக்கடை மாஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. சீனி போடாத டீ இருந்தால் அந்த கிளாஸில் மட்டும் ஸ்பூனை எடுக்காமல் விட்டுவிடுவார். எனக்கு சர்க்கரை வந்து ஆறு வருஷமாகிறது. அந்த ஸ்பூனை நம்பித்தான் அங்கே குடிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நாலு கிளாஸைத் தட்டில் வைத்துவிட்டு மாஸ்டர் பால் பாக்கெட் வாங்கப் போய்விட்டார். கடைப் பையன் நல்ல பிள்ளையாக ஸ்பூனை எடுத்துக் கழுவி வைத்துவிட்டான். நாலு கிளாஸ், ஒரே நிறம், ஒரே நுரை.

"குடிச்சுப் பாத்தாத்தான் தெரியும் மாமா" என்றான் அக்கா மகன்.

"நேத்து ராத்திரி நீ பாத்த படமும் இதேதான்டா மாப்ளே" என்றேன்.

அவன் முந்தின இரவு 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' பார்த்திருந்தான். 2002 டிசம்பரில் வந்த ஹாங்காங் படம். சப்டைட்டில் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடுகிறது, ரெண்டு ஹீரோவும் செல்போனும் கையுமாகவே திரிகிறார்கள், யார் போலீஸ் யார் திருடன் என்று பாதிப் படம் வரை பிடிபடவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டான். அவன் குழம்பியதில் தப்பில்லை. ஆண்ட்ரூ லாவும் ஆலன் மாக்கும் சேர்ந்து இயக்கிய அந்தப் படத்தில் ஆண்டி லாவ் நடிக்கும் பாத்திரத்தின் பெயரும் லாவ். ஆண்டனி வோங் நடிக்கும் போலீஸ் அதிகாரியின் பெயரும் வோங். மாஸ்டர் வரும்வரை நேரம் இருந்ததால் அடியிலிருந்து ஆரம்பித்தேன். படம் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்; முடிவைச் சொல்லாமல் இதை விளக்க எனக்கு வழி தெரியவில்லை.

முதலில் பெயர்கள். இன்ஃபார்மர் என்பவன் போலீஸ்காரனே அல்ல. குற்றவாளிகளோடு புழங்குகிறவன், காசுக்கோ கேஸிலிருந்து தப்பவோ துப்புக் கொடுப்பவன். மஃப்டியில் வருகிற போலீஸ்காரர் சட்டையை மட்டும் மாற்றியவர். ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சொந்தப் பெயரில் சாப்பிடுவார். அண்டர்கவர் ஆள் பெயரையே மாற்றிக்கொண்டவன். கும்பலோடு தின்று, உறங்கி, அடிதடிக்கும் போய், மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் இன்னொருவனாக வாழ்பவன். எதிராளி நம் வீட்டுக்குள் நட்டுவைக்கிற ஆளுக்கு ஆங்கிலத்தில் மண்ணுக்கடியில் வளை தோண்டும் ஒரு பிராணியின் பெயரை வைத்து 'மோல்' என்கிறார்கள். நம்மிடம் அதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது: கோடரிக்காம்பு. காட்டை வெட்டுகிற கோடரிக்குக் காம்பும் அந்தக் காட்டு மரம்தானே.

ஒரு பக்கம் அண்டர்கவர் ஆளும் மறுபக்கம் கோடரிக்காம்பும் ஒரே சமயத்தில் இருந்தால் என்ன ஆகும்? இந்தப் படத்தின் கதை முழுக்க அதுதான். இதற்கு விதை போட்டது 1997-ல் ஜான் வூ ஹாலிவுட்டுக்குப் போய் எடுத்த 'ஃபேஸ்/ஆஃப்' என்பார்கள். அதில் போலீஸும் குற்றவாளியும் அறுவை சிகிச்சையில் முகத்தை மாற்றிக்கொள்வார்கள். நடக்கிற காரியமா அது? கத்தியே படாமல் ஆளை மாற்ற முடியுமா என்று யோசித்ததில் இந்தக் கதை பிறந்தது.

ஹான் சாம் என்ற தாதா, போலீஸ் பதிவேட்டில் பெயர் ஏறாத இளைஞர்கள் சிலரைப் பொறுக்கியெடுத்துப் போலீஸ் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புகிறான். அவர்களில் ஒருவன் லாவ். அதே பள்ளியில் கெட்டிக்காரனாக இருக்கும் சான் என்ற மாணவனை (டோனி லியுங்) ஒழுங்கு தவறியவன் என்று ஊரறிய வெளியேற்றி, ரகசியமாகக் கும்பலுக்குள் இறக்குகிறார்கள். பத்து வருஷம் ஓடுகிறது. லாவ் வரிசையாகப் பதவி உயர்வு வாங்கி, புது வீடு பார்த்து, கல்யாணத்துக்கும் தயாராகிவிட்டான். சான் சிறைக்கும் அடிதடிக்கும் பழகி, நீதிமன்ற உத்தரவின்பேரில் மனநல மருத்துவரிடம் போய்வருகிறான். அவன் நிம்மதியாகத் தூங்குகிற ஒரே இடம் அந்த டாக்டரின் அறைதான். மூன்று வருஷம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மூன்று முடிந்ததும் இன்னொரு மூன்று, அதன் பிறகு இன்னொரு மூன்று. மொட்டைமாடியில் அவன் வோங்கிடம் அதைக் கணக்குப் போட்டுக் கத்தும் காட்சியைப் பார்த்தால், டெபுடேஷன் என்று போய் ஊர் திரும்பாத நம் அரசு ஊழியர்கள் எல்லோருக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும்.

மருமகனுக்குப் பிடித்தது போதைமருந்து பேரம் நடக்கிற முதல் அரைமணி நேரம். எனக்கு அதற்கடுத்த காட்சி. பேரம் கெட்டுவிட்டது, சரக்கு கடலோடு போனது. சாமையும் ஆட்களையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார்கள். சாம் பொட்டலச் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிடுகிறான். எதிரே வோங். இருவருக்கும் ஒரே இரவில் ஒரே உண்மை தெரிந்துவிட்டது: உன் ஆள் என்னிடம் இருக்கிறான், என் ஆள் உன்னிடம் இருக்கிறான். யாரும் குரல் உயர்த்தவில்லை. கடைசியில் சாம் மேஜையில் இருந்த சாப்பாட்டை மொத்தமாகக் கீழே தள்ளுகிறான், அவ்வளவுதான். அந்த அறையிலேயே சானும் இருக்கிறான், லாவும் இருக்கிறான். ஒருவரையொருவர் தெரியாது.

அங்கிருந்து கதை தலைகீழாகிறது. போலீஸில் இருக்கும் ஒற்றனைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு லாவிடமே வருகிறது. தன்னைத்தானே தேடுகிற உத்தியோகம்! அந்தப் பக்கம் சாம், சானின் கையிலிருக்கும் மாவுக்கட்டை மேஜையில் அடித்து உடைத்து, உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறதா என்று பார்க்கிறான். ஒன்றும் இல்லை. சான் விரலால் தட்டி மோர்ஸ் குறியீட்டில் பேசுகிறவன்.

"சரி மாமா, வோங் செத்ததும் சான் ஏன் நேரா ஸ்டேஷனுக்குப் போயி நான் போலீஸ்னு சொல்லல?"

நல்ல கேள்வி. நான் தட்டில் இருந்த நாலு கிளாஸையும் காட்டினேன். ஸ்பூன் போய்விட்டது, மாஸ்டரும் இல்லை. இதில் எது சீனி இல்லாதது என்று கிளாஸே வாயைத் திறந்து சொன்னாலும் நம்புவீர்களா? சான் போலீஸ் என்பதற்கு உலகத்தில் இரண்டே அத்தாட்சிகள்தான். ஒன்று, அவனை அனுப்பிய வோங்கின் ஞாபகம். மற்றது, கம்ப்யூட்டரில் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஒரு கோப்பு. வோங்கைக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தூக்கி எறிகிறார்கள். உடல் சானின் கண்ணெதிரே வந்து விழுகிறது. மிச்சமிருக்கும் கோப்பைத் திறக்கும் அதிகாரம் இப்போது லாவின் கையில்.

அந்தக் கோப்புக்காக சான் ஸ்டேஷனுக்கு வருகிறான். லாவ் அடுத்த அறைக்குப் போன நேரத்தில் மேஜைமேல் ஒரு கவரைப் பார்க்கிறான். சாம் தன் ஆட்களிடம் சொந்த விவரங்களை எழுதி வாங்கிய கவர் அது. அதன்மேல் ஒருவன் தப்பாக எழுதியிருந்த ஒரு எழுத்தைத் திருத்திக் கொடுத்தவனே சான். தன் கையெழுத்து இந்த அதிகாரியின் மேஜைக்கு எப்படி வந்தது? சத்தம் போடாமல் எழுந்து போய்விடுகிறான். திரும்பி வந்த லாவுக்கும் புரிந்துவிடுகிறது; கோப்பை அழித்துவிடுகிறான். துப்பாக்கி வெடிக்காமலே ஒரு போலீஸ்காரனை இல்லாமல் ஆக்கிவிட்டான்.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 59-ஆவது. ஒரு ஒற்றனை இன்னொரு ஒற்றன் அறியாதபடி வைக்க வேண்டும், மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னது ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும் என்கிறார் வள்ளுவர். ஒற்றனுக்குப் பலர் அறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைத்ததை நீயே வெளிப்படுத்தியதாக ஆகும் என்கிறது கடைசிக் குறள். அரசனுக்குச் சொன்ன அறிவுரை அது. ஒற்றனின் பக்கத்திலிருந்து வாசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. அவனைப் பாதுகாப்பதும் ரகசியம்தான், அவனை அநாதையாக்குவதும் அதே ரகசியம்தான். சானுக்கு ஊரறியச் சிறப்புச் செய்கிறார்கள், அவன் கல்லறைக்குப் போன பிறகு.

விசுவாசம் எங்கே பிளக்கிறது என்பதற்கு வருகிறேன். நாம் நினைப்பதுபோல இவன் உள்ளத்தில் கொடி ஒன்று, உடம்பில் சட்டை வேறு என்றெல்லாம் பத்து வருஷம் ஓட்ட முடியாது. மனிதன் கண்ணில் தினமும் படுகிறவர்களுக்குத்தான் உண்மையாக இருப்பான். சானுக்கு போலீஸ் இலாகா என்றால் வோங் ஒருவர்தான்; அவன் பிறந்தநாளுக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுக்கிறவர் அவர். கும்பலில் கீங் என்று ஒரு அசட்டு அடியாள் இருக்கிறான். குண்டடி பட்டு உயிர் போகிற நேரத்திலும் அவன் சானைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நிமிஷம் சான் யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்? டோனி லியுங்கின் முகத்தில் அந்தக் கேள்வி ஓடுவது தெரியும், பதில் தெரியாது.

லாவ் இன்னும் சுவாரசியமானவன். நல்ல போலீஸ்காரனாக நடிக்க வேண்டுமென்றால் தினமும் நல்ல போலீஸ் வேலை பார்த்துத்தான் ஆக வேண்டும். நடிப்பு பழக்கமாகி, பழக்கம் ஆசையாகிவிடுகிறது. கார் நிறுத்துமிடத்தில் சாமைத் தன் கையாலேயே சுட்டுக் கொல்கிறான்; அலுவலகத்துக்குத் திரும்பியபோது சக அதிகாரிகள் கைதட்டுகிறார்கள். அவன் கட்டிக்கொள்ளப்போகிற பெண் ஒரு எழுத்தாளர். இருபத்தெட்டு ஆளுமைகள் கொண்ட ஒருவனைப் பற்றி நாவல் எழுதுகிறாள், அவன் நல்லவனா கெட்டவனா என்று முடிவு செய்ய முடியவில்லை என்கிறாள். இதுமட்டும் கொஞ்சம் உரக்கச் சொல்லப்பட்ட இடம் என்பது என் அபிப்பிராயம். இல்லாமலே படம் நின்றிருக்கும்.

இந்தக் கதை ஹாங்காங்கில் முளைத்ததற்கு மண்ணிலும் காரணம் உண்டு. அங்கே போலீஸும் நிழலுலகமும் கைகோத்திருந்தது 1960-களில் ஊரறிந்த சங்கதி. 1973-ல் பீட்டர் காட்பர் என்ற பிரிட்டிஷ் தலைமைக் கண்காணிப்பாளர் விசாரணையிலிருந்து நழுவி இங்கிலாந்துக்குப் பறந்துவிட, ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். அடுத்த வருஷமே போலீஸுக்குக் கட்டுப்படாத ஊழல் ஒழிப்பு ஆணையம் ஒன்று அமைந்தது. அது பிடியை இறுக்கியதும் 1977-ல் போலீஸ்காரர்களே அந்த ஆணையத்தின் அலுவலகத்துக்குள் புகுந்து அடித்தார்கள். ஆளுநர் பழைய குற்றங்களுக்குப் பகுதி மன்னிப்பு அறிவிக்க வேண்டியதாயிற்று. இதன்மேல் 1997 வந்தது. ஜூன் 30 நள்ளிரவு வரை தொப்பியில் பிரிட்டிஷ் கிரீடம், அதற்கப்புறம் வேறு சின்னம். ஆள் அதே ஆள். 1991 முதல் 1997 வரை நடக்கும் இரண்டாம் பாகம் அந்த இரவில்தான் முடிகிறது. நீ யாருடைய ஆள் என்ற கேள்வியை ஒரு ஊரே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த காலம்.

மார்ட்டின் ஸ்கார்சேஸி 2006-ல் இதை 'தி டிபார்ட்டட்' என்று பாஸ்டனுக்குக் கொண்டுபோனார். சிறந்த படம் உட்பட நாலு ஆஸ்கர். இயக்கத்துக்காக அவருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கரும் அதுதான். விருது மேடையில் அறிவிப்பாளர் மூலப்படத்தை ஜப்பானியப் படம் என்று சொல்லிவிட்டார். அசலைச் செய்தவன் பெயர் கோப்பிலிருந்து அழிந்துபோவது இந்தக் கதையின் விதி போலிருக்கிறது. ஹாங்காங்காரர்கள் 101 நிமிஷத்தில் சொன்னதை ஸ்கார்சேஸி 151 நிமிஷத்தில் சொல்கிறார். வசனம் பொறி பறக்கிறது, ஜாக் நிக்கல்சன் சட்டியோடு கவிழ்க்கிறார், கடைசியில் ஒரு எலி வேறு ஓடுகிறது. எனக்கு மௌனமாக இருந்ததுதான் பிடிக்கிறது. ஆனால் பாஸ்டனைத் தேர்ந்தெடுத்தது சும்மா அல்ல.

நிக்கல்சனின் தாதாவுக்குப் பின்னால் நிழலாக நிற்பவர் தெற்கு பாஸ்டனின் ஜேம்ஸ் 'வைட்டி' பல்ஜர். அவருடைய தம்பி மாசசூசெட்ஸ் செனட்டின் தலைவராக இருந்தவர். வைட்டியின் எஃப்.பி.ஐ. தொடர்பு அதிகாரி ஜான் கொனொலி, அதே பேட்டையில் வளர்ந்தவர். 1975-லிருந்து பல்ஜரை ரகசியத் தகவலாளி என்று கணக்கில் வைத்திருந்தார்கள். இத்தாலிய மாஃபியாவைப் பற்றித் துப்புத் தருவார் என்பது ஏற்பாடு. நடந்தது தலைகீழ்: துப்பு அந்தப் பக்கமிருந்து வந்ததைவிட இந்தப் பக்கமிருந்து போனது விபரீதமாயிற்று. யார் போலீஸிடம் பேசுகிறார்கள் என்ற சேதி கும்பலுக்குப் போக, ஆட்கள் செத்தார்கள். 1994 டிசம்பரில், கைது வருகிறது என்று கொனொலி கொடுத்த தகவலால் பல்ஜர் மறைந்தார். 2011 ஜூனில் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் பிடிபட்டபோது அவருக்கு வயது 81. பதினொரு கொலைகளில் பங்கு நிரூபணமாகி இரட்டை ஆயுள் தண்டனை பெற்று, 2018-ல் சிறைக்குள்ளேயே அடித்துக் கொல்லப்பட்டார். கொனொலிக்கு ஃப்ளோரிடா நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் 40 வருஷம் விதித்தது. இங்கே யாரும் வேஷம் போடவில்லை. அவரவர் சொந்தப் பெயரில், சொந்தத் தெருவில் இருந்தார்கள். இலாகாவைவிடத் தெரு பழைய உறவு.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் இருப்பவர் ஜோ பிஸ்டோன். 1976-லிருந்து 1981 வரை டோனி பிராஸ்கோ என்ற பெயரில், நகைத்திருடன் என்று சொல்லிக்கொண்டு, நியூயார்க்கின் பொனானோ மாஃபியா குடும்பத்துக்குள் வாழ்ந்த எஃப்.பி.ஐ. ஆள். சானுக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது: கோப்பு அழியவில்லை, சொந்தப் பெயர் திரும்ப வந்தது. அவர் திரட்டிய சாட்சியத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். மாஃபியா அவர் தலைக்கு 5 லட்சம் டாலர் விலை வைத்தது. ஆனால் அவரை நம்பிச் சேர்த்துக்கொண்ட சன்னி பிளாக் நபோலிட்டானோ என்ன ஆனார்? உன்னோடு இருந்தவன் எங்கள் ஆள் என்று எஃப்.பி.ஐ.யே போய்ச் சொன்ன பிறகும் அவர் ஓடவில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், போனார். மறு வருஷம் பிணம் கிடைத்தது, கைகள் வெட்டப்பட்டிருந்தன. அல் பசினோவும் ஜானி டெப்பும் நடித்த 1997 படத்தில் அந்த முடிவின் சாயலை வேறொரு பாத்திரத்துக்குக் கொடுத்திருப்பார்கள். நகையையும் பர்ஸையும் அவிழ்த்து மேஜை டிராயரில் வைத்துவிட்டு பசினோ கதவைத் திறந்து போவார். டெப்புக்கு ஒரு மெடலும் 500 டாலர் காசோலையும். அவர் முகத்தைப் பாருங்கள், ஜெயித்தவன் முகமா அது?

"நம்ம ஊர்ல இந்த மாதிரி இல்லையா மாமா?"

இல்லாமல் என்ன. 'போக்கிரி' மாதிரி கடைசி ரீலில் காக்கிச்சட்டை போட்டுவருகிற கதைகளை நான் இதில் சேர்ப்பதில்லை. அங்கே ரகசியம் நமக்குத்தான், நாயகனுக்குள் எந்தப் பிளவும் இல்லை. 1995-ல் பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'குருதிப்புனல்' வேறு ஜாதி. கோவிந்த் நிஹலானியின் இந்திப் படமான 'துரோக்கால்' அதன் மூலம். பாட்டே கிடையாது. தீவிரவாதிகளுக்குள் போலீஸின் ஆள், போலீஸுக்குள் தீவிரவாதிகளின் ஆள் என்று அதே இரட்டைக் கண்ணி, ஹாங்காங் படத்துக்கு ஏழு வருஷம் முன்பே. கே. விஸ்வநாத் போன்ற ஒரு சாந்தமான முகத்தை உயரதிகாரியாகப் போட்டு, காட்டிக்கொடுப்பவர் அவர்தான் என்று காட்டியபோது தியேட்டரில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காசுக்கு அல்ல, பதவிக்கு அல்ல, மிரட்டலுக்குப் பணிந்தவர். அவரை வெறுக்கிற கமலின் ஆதியையும் நாசரின் பத்ரி அதே வழியில், குடும்பத்தை வைத்து, வளைக்கிறான். எல்லோருக்கும் ஒடிகிற இடம் ஒன்று இருக்கிறது என்று படம் சொல்கிறது, நாயகனையும் அதில் சேர்த்துக்கொண்டு. நம் சினிமாவில் அது அபூர்வமான துணிச்சல்.

மாஸ்டர் பால் பாக்கெட்டோடு வந்துசேர்ந்தார். தட்டைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "எதுன்னு எனக்கும் தெரியல சார், எல்லாத்தையும் ஊத்திட்டுப் புதுசாப் போட்டுடறேன்" என்றார். புது டீ வருவதற்குள் மருமகன் கடைசி சந்தேகத்தைக் கேட்டுவிட்டான்: லாவ் மட்டும் ஏன் தப்பிக்கிறான், இது அநியாயம் இல்லையா?

சீனப் பெருநிலத்துக்கென்று அப்படி நினைத்து இன்னொரு முடிவும் எடுத்தார்கள். அதில் லிஃப்டை விட்டு வெளியே வந்ததுமே லாவைக் கைது செய்துவிடுகிறார்கள். கணக்கு நேராகிவிடுகிறது, படம் சப்பென்று ஆகிவிடுகிறது. சீனத் தலைப்பைக் கவனித்தால் அந்த முடிவு எவ்வளவு அந்நியம் என்று தெரியும். இடைவெளியற்ற பாதை என்பது அதன் பொருள். பௌத்தத்தில் அவீசி என்று சொல்லப்படும் கடைசி நரகத்தைக் குறிப்பது. அங்கே சாவுகூட விடுதலையாக வருவதில்லை.

பார்ப்பதென்றால் ஹாங்காங் முடிவு உள்ள பிரதியைத் தேடிப் பாருங்கள். அதில் லாவ் சாட்சி சொல்லக்கூடிய கடைசி ஆளையும் லிஃப்டுக்குள் சுட்டுவிட்டு, அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டியபடி வெளியே வருகிறான். சானின் இறுதிச் சடங்கில் சீருடையோடு நின்று சல்யூட் அடிக்கிறான். பிறகு படம் பயிற்சிப் பள்ளிக்குத் திரும்புகிறது. வெளியேற்றப்பட்ட சான் வாசலைத் தாண்டிப் போகிறான். அவனோடு இடம் மாற்றிக்கொள்ள யாருக்காவது ஆசையா என்று பயிற்சியாளர் மிரட்டுகிறார். வரிசையில் நிற்கும் இளம் லாவ், எனக்கு என்கிறான்.